நீட்டிய சிவப்புப் பலகையும் அதைக் காக்கும் கேமராவும்

பெற்றோர்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கே நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நம்மில் பலர் வீட்டுக்கு அஞ்சலில் வரும் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பள்ளிப் பேருந்து நின்றிருந்தபோது உங்கள் வண்டி அதைக் கடந்து சென்றது, 250 டாலர் அபராதம் கட்டுங்கள் என்று சொல்லும் கடிதம் அது. பேருந்தில் கேமரா வைத்துக் காசு பறிக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் முதலில் அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் காலை ஏழு மணிக்கு இன்னும் விடிந்திருக்காது. பேருந்து நெருங்கும்போது மஞ்சள் விளக்குகள் மின்னுகின்றன. நின்றதும் அவை சிவப்பாகி, மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் எண்கோணப் பலகை பக்கவாட்டிலிருந்து நீள்கிறது. எதிர்ச்சாரியில் நிற்கும் பிள்ளை, முதுகை மறைக்கும் பையோடு, பேருந்துக்குப் பத்தடி முன்னால் சாலையைக் கடக்கிறது. அதன் கண்கள் ஓட்டுநரின் கையசைப்பையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வரும் வண்டியைப் பார்ப்பதில்லை. ஓட்டுநரோ பிள்ளையின் தலையைக் கண்ணிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நொடியில் சீறிப் போகும் காரின் நம்பர் பிளேட்டையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் சரி? அந்தச் சுமையைத்தான் கேமரா ஏற்றுக்கொள்கிறது.

2019ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 39 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 1,30,000 பேருந்து ஓட்டுநர்கள் ஒரே ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது, 95,000க்கும் மேற்பட்ட வண்டிகள் சட்டத்தை மீறிக் கடந்து சென்றிருந்தன. அதற்கு முந்தைய அக்டோபரில், இந்தியானாவின் ரோசெஸ்டர் அருகே, பேருந்தில் ஏறச் சாலையைக் கடந்த ஆறு வயது இரட்டைச் சகோதரர்களும் அவர்களுடைய ஒன்பது வயது அக்காவும் ஒரு பிக்கப் வண்டி மோதி இறந்தார்கள். கேமரா இருந்திருந்தால் அந்த மரணங்களைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரே தெரிவது பள்ளிப் பேருந்து என்பதையே உணராமல் வரும் ஒருவரைக் கேமரா நிறுத்தாது. தெரிந்தும் நிற்காமல் போகும் வழக்கத்தைத்தான் அது மாற்ற முடியும். ஊரில் நின்ற பேருந்தை ஒதுங்கிக் கடந்தே பழகிய நமக்கும் அந்த வழக்கம் உண்டு.

நியூயார்க் மாநிலம் 2019இல் இதற்கென்று சட்டம் இயற்றியது. பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் மீறினால் அபராதம் 275, பிறகு 300 டாலர். கடிதம் வண்டியின் உரிமையாளருக்கு வருகிறது; ஓட்டியவர் யார் என்று கேமரா காட்டாததால் ஓட்டுநர் உரிமத்தில் தவறுக்கான புள்ளிகள் ஏறுவதில்லை. நம்மவர் பலரும் தடுமாறுவது வேறோர் இடத்தில்: பல மாநிலங்களில் நடுவே தடுப்பு இருந்தால் எதிர்த்திசை வண்டி நிற்க வேண்டியதில்லை, நியூயார்க்கிலோ அப்போதும் நின்றே ஆக வேண்டும்.

இனி அந்த நியாயமான கோபத்துக்கு வருகிறேன். பல ஊர்களில் கேமரா நிறுவனமே தன் செலவில் அதைப் பொருத்திவிட்டு, வசூலாகும் அபராதத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது. எத்தனை கடிதம் போகிறதோ அத்தனை வருமானம் என்றால், சந்தேகமான படத்தை ஒதுக்கிவைக்க யாருக்கு மனம் வரும்? ஃபுளோரிடாவின் மயாமி-டேட் பகுதியில், நடுத்தடுப்புக்கு அப்பால் சட்டப்படி சரியாகச் சென்றவர்களுக்கும் கடிதங்கள் போயின. 2025இல் ஷெரிஃப் அலுவலகம் அந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. இங்கேயும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேருந்து பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோதான் நின்றது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, அந்த நிரூபணத்தை அரசுத் தரப்புக்கு எளிதாக்கியது. நீதிமன்றம் கேட்ட கேள்வி சரியானது என்பதே என் கருத்து.

ஆகவே கடிதம் வந்தால், கட்டுவதற்கு முன் காணொளியைப் பாருங்கள். சிவப்பு விளக்கு மின்னுகிறதா, பலகை முழுவதும் நீண்டிருக்கிறதா, உங்கள் வண்டி அதற்குப் பிறகுதான் கடந்ததா என்று பாருங்கள். தவறு அவர்களுடையதென்றால் விசாரணை கேளுங்கள். கேமரா ஒப்பந்தம் மறுபடி நம் கவுன்டி (மாவட்ட) மன்றத்துக்கு வரும் நாளில் நாமும் போய், நிறுவனத்துக்கு அபராதத்தில் பங்கு தராமல் பேருந்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள் என்று கேட்போம். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேச நான் தயாராக இருக்கிறேன், என்னோடு வருபவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.