ஏரோஸ்பேஸ் படிக்கிற பெண்ணுக்கு மெட்டீரியல்ஸ் எதற்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு நாளாக மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகள் அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். இப்போது மெட்டீரியல்ஸ் சயின்ஸையும் (உலோகம் போன்ற பொருள்களின் குணங்களைப் படிக்கும் துறை) சேர்த்து இரட்டைப் பட்டமாகப் படிக்கிறேன் என்கிறாள். விமானம் செய்யப் போகிறவளுக்கு அது எதற்கு? படிப்புச் சுமை இரண்டு மடங்காகிவிடாதா?"

அம்மா, இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது அது மேல்நோக்கி வளையும், அதனால் அடித்தகடு இழுபடும், மேல்தகடு நெருக்குப்படும். இதுவரை ஏரோஸ்பேஸ் பாடம், இனி வருவது மெட்டீரியல்ஸ். பல பயணிகள் விமானங்களில் அடித்தகட்டுக்கு '2024' என்ற எண்ணால் குறிக்கப்படும் கலவை மாதிரியான அலுமினியக் கலவையும் மேல்தகட்டுக்கு '7000' வரிசை அலுமினியக் கலவையும் போடுவார்கள். இரண்டாவதுக்குத்தான் வலு அதிகம், ஆனால் முதலாவதில் விரிசல் மெதுவாக வளரும், இழுபடுகிற இடத்தில் அதுதானே வேண்டும்! கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் மீள்மை எண் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் அளவு) கிட்டத்தட்ட ஒன்றுதான், 70 ஜிகாபாஸ்கலை ஒட்டி வரும். நான் படித்த காலத்தில் அந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம், எந்தக் கலவை என்று யாரும் கேட்டதில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன்: வரைபடத்தில் எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போடலாம், பொருள் தாங்குகிற அளவுக்குத்தான் பறக்க முடியும். 1960களில் அமெரிக்க நிறுவனமான லாக்ஹீட், ப்ளாக்பேர்ட் என்ற உளவு விமானங்களைச் செய்தபோது, ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் வருகிற சூட்டை அலுமினியம் தாங்காது என்று டைட்டானியத்துக்குப் போனார்கள். அப்புறம் பார்த்தால் குளிர்காலத்தில் செய்த பற்றவைத்த தகடுகள் நன்றாக இருக்கின்றன, வெயில் காலத்தில் செய்தவை சீக்கிரம் விட்டுப்போகின்றன. வடிவமைப்பு ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். தேடித் தேடிக் கடைசியில் பிடிபட்டது தண்ணீர்! தொழிற்சாலை இருந்த பர்பேங்க் நகரின் குழாய்த் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க வெயில் காலத்தில் குளோரின் கூடுதலாகப் போடுவார்கள், அந்தத் தண்ணீரில்தான் தகட்டைக் கழுவியிருக்கிறார்கள். காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறியதும் சரியானது. காற்றியக்கவியலை மட்டும் படித்தவருக்கு அந்தக் குழாய்மேல் சந்தேகம் வந்திருக்குமா?

படிப்புச் சுமை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கணிதம், இயற்பியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் இரண்டுக்கும் பொது, அதனால் பாரம் அப்படியே இரண்டு மடங்காகிவிடாது. ஆனால் லேப் வகுப்புகள் ஒன்றோடொன்று மோதும், ஒரு செமஸ்டர் கூடப் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான், அதை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். முடியாது என்றால் ஏரோஸ்பேஸிலேயே இருந்துகொண்டு முறிவு இயக்கவியல் (விரிசல் எப்படி வளர்கிறது என்ற பாடம்), காம்போசிட்ஸ் (வெவ்வேறு பொருள்களைச் சேர்த்துச் செய்த கூட்டுப் பொருள்கள்) இரண்டையும் விருப்பப் பாடமாக எடுக்கட்டும், அதுவே பெரிய விஷயம்.

நீங்கள் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அம்மா. "கடைசி வருட ப்ராஜெக்டில் எதை உடைத்துப் பார்க்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.