ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டெப்னி போதும்: வீட்டு வாசல்லயே டயர் ரொட்டேஷன்

வணக்கம் மக்களே! இன்னைக்கு காரோட வந்த ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் மட்டும் வெச்சு நாலு டயரையும் இடம் மாத்தப் போறோம். வண்டி, முன்சக்கரம் இழுக்குற சாதாரண ஹேட்ச்பேக். நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்ல பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஜாக்கியத் தொடுறதுக்கு முன்னாடி அளந்துடணும். கேமராவ கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. இது பட்டன், அதாவது டயர் மேல இருக்குற ரப்பர் கட்டைகளோட ஆழம் அளக்குற கேஜ். ஊசிய பள்ளத்துல விட்டு, மேல் தகடு டயர்ல பதியுற மாதிரி அமுக்கணும். பள்ளத்துக்குள்ள குறுக்கால ஒரு குட்டி மேடு தெரியுதா? அதுமேல ஊசி உக்காந்தா அளவு தப்பா வரும், அதனால கொஞ்சம் தள்ளி வைங்க. அந்த மேட்டோட உயரம் 1.6 எம்எம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துட்டா டயர் முடிஞ்சுது, சட்டமும் அதத்தான் சொல்லுது.

இடது முன் டயர்ல வெளி ஓரம் 5.1, நடு 5.6, உள் ஓரம் 5.2. அதே பக்கம் பின் டயர்ல மூணு இடத்துலயும் 6.6. ஒண்ணா வாங்கி ஒண்ணா மாட்டின டயர்தான், அதுக்குள்ள இவ்வளவு வித்தியாசம். இன்ஜின் பாரம் முன்னாடி, வண்டிய இழுக்குறது முன்னாடி, ஸ்டியரிங் திருப்புறது முன்னாடி, பிரேக் அடிச்சா மொத்த எடையும் சாயுறது முன்னாடி. பின் சக்கரம் சும்மா உருண்டு வருது, அவ்வளவுதான்.

இதுல ஒண்ணு கவனிங்க. முன் டயர்ல ரெண்டு ஓரமும் நடுவ விட அதிகமா தேஞ்சிருக்கு. காத்து கொஞ்சம் கம்மியாவே ஓடியிருக்குன்னு அர்த்தம். நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம். ஒரே ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்குற கோணம் போயிருக்கு. கையால தடவும்போது ஒரு திசையில வழவழன்னும் எதிர் திசையில ரம்பம் மாதிரியும் இருந்தா அதுவும் அலைன்மென்ட்தான். அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரப் பாருங்க. கடைசியா சொன்ன இந்த மூணுல எதுவா இருந்தாலும் முதல்ல அத சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா நல்லா இருக்குற பின் டயரையும் கொண்டுபோய் அதே நோய்க்குக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

எப்ப மாத்தணும்? 8,000ல இருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ. நான் கிலோமீட்டர விட கேஜத்தான் நம்புவேன். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒண்ணு, ஒன்றரை எம்எம் வந்ததும் மாத்திடுங்க. இத அழுத்திச் சொல்றேன். முன்னாடி 3, பின்னாடி 6ன்னு ஆனப்புறம் மாத்தினா, மொட்டையாகப் போற டயர் ரெண்டும் பின்னாடி போயிடும். மழைத் தண்ணி நிக்குற ரோட்டுல முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், வேகத்தக் குறைச்சு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினா வண்டி வாலச் சுத்திடும், பிடிக்கவே முடியாது. அந்த நிலமைக்கு வந்துட்டா ரொட்டேஷன மறந்துட்டு ரெண்டு புது டயர் வாங்கி பின்னாடி போடுங்க.

இப்ப எது எங்க போகணும்னு பாக்கலாம். முன்சக்கரம் இழுக்குற வண்டியில, முன்னாடி இருக்குறது ரெண்டும் அதே பக்கம் நேரா பின்னாடி போகும். பின்னாடி இருக்குறது ரெண்டும் பக்கம் மாறி குறுக்கா முன்னாடி வரும். பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி பின்சக்கரம் தள்ளுற வண்டிக்கு இத அப்படியே திருப்பிக்கோங்க: பின் டயர் நேரா முன்னாடி, முன் டயர் குறுக்கா பின்னாடி. டயர் பக்கவாட்டுல 'ரொட்டேஷன்'னு எழுதி அம்பு போட்டிருந்தா குறுக்க மாத்தவே கூடாது, அதே பக்கத்துல முன்னும் பின்னும் மட்டும் மாத்தணும்.

ரெண்டு ஜாக்கி வேணுமேன்னு நினைப்பீங்க. வேண்டாம். சாக்பீஸால ஒவ்வொரு டயர்லயும் இப்ப இருக்குற இடத்த எழுதிட்டு, இந்த வரிசையில வாங்க. இடது முன்ன கழட்டி அங்க ஸ்டெப்னிய மாட்டுங்க. இடது பின்ன கழட்டி, கையில இருக்குற இடது முன்ன அங்க மாட்டுங்க. இப்ப கையில இடது பின் இருக்கு, அது வலது முன்னுக்குப் போகும். அங்க கழட்டினது வலது பின்னுக்கு. அங்க கழட்டினது, ஸ்டெப்னி நிக்குற இடது முன்னுக்கு. அஞ்சு தடவ ஜாக்கி, வேலை முடிஞ்சுது. ஸ்டெப்னி சின்ன சைஸா இருந்தாலும் பரவாயில்ல, வண்டிய நகர்த்தாம வெறும் முட்டுக்குத்தான் அது நிக்குது.

ஸ்டெப்னியும் அதே சைஸ், அதே டயர், அதே ரிம்னா அதையும் சுத்துல சேத்துக்கலாம். அப்ப வலது பின்ல ஆரம்பிச்சு ஸ்டெப்னிய அங்கயே நிரந்தரமா மாட்டிடுங்க. கழட்டினது இடது முன், அங்கிருந்து இடது பின், அங்கிருந்து வலது முன், கடைசியா மிஞ்சுற வலது முன் டிக்கிக்குள்ள. நாலே தடவ ஜாக்கி. ஸ்டெப்னிங்கிற பேரே வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊர்ல இருக்குற ஸ்டெப்னி தெருவுல இருந்து வந்ததுதான். 1904ல அங்க கடை வெச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் கொண்டு வந்த மாற்றுச் சக்கரத்தோட பேரு அது. நம்ம வாயில இன்னும் நிக்குது.

சரி, வண்டி நகராம நிக்கணும். சமதளம், ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர். இது போதும்னு நினைக்காதீங்க. முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல இருக்கும்போது கியர் வண்டியப் பிடிக்காது. ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் இருக்குறதால, தரையில இருக்குற சக்கரம் ஒரு பக்கம் உருள, தூக்கின சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும். அந்த நேரத்துல பின்னாடி ஹேண்ட் பிரேக் மட்டும்தான் துணை. அதனால தூக்குற சக்கரத்துக்கு மூலைவிட்டமா எதிர்ல இருக்குற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைங்க. தரை டைல்ஸ்னா ஜாக்கிக்கு அடியில முக்கால் இன்ச் பிளைவுட் போடுங்க, இல்லன்னா வழுக்கும். மண்தரைன்னா புதையும், அதுக்கும் பலகைதான். கழட்டின சக்கரத்தப் படுக்க வெச்சு வண்டிக்கு அடியில, ஜாக்கி பக்கத்துல தள்ளி வைங்க. ஜாக்கி சரிஞ்சா வண்டி அதுமேல உக்காரும். உங்க உடம்பு எப்பவுமே அடியில போகக் கூடாது.

நட்டெல்லாம் சக்கரம் தரையில இருக்கும்போதே கால் சுத்து தளர்த்திடுங்க. அப்புறம் தூக்குங்க. நட்டு எல்லாம் வந்தும் சக்கரம் வரலையா? ஹப்போட, அதாவது சக்கரம் மாட்டுற நடு பாகத்தோட, ரிம் துரு பிடிச்சு ஒட்டியிருக்கும், கடலோர ஊர்ல சகஜம். சுத்தியல் எடுக்காதீங்க. நட்ட ரெண்டு மூணு மரை மட்டும் திருப்பி விட்டுட்டு, டயரோட பக்கவாட்டுல உள்ளங்கையால மாத்தி மாத்தி தட்டுங்க. கழண்டதும் ஹப் முகத்துல துருவ கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுங்க. அந்தத் துரு இருந்தா சக்கரம் சரியாப் பதியாது, பின்னாடி நட்டு தளரும். நட்டு ஏறுற போல்ட்ல, அதாவது ஸ்டட்ல, எண்ணெய் தடவாதீங்க. அதே இறுக்கத்துல போல்ட் அளவுக்கு மேல இழுபடும்.

நட்ட முதல்ல விரலால மட்டும் நாலஞ்சு சுத்து ஏத்துங்க, கூம்பு முகம் ரிம்ம பாக்கணும். விரல்ல போகலன்னா மரை மாறி ஏறுது, கழட்டி மறுபடி வைங்க. அப்புறம் எதிரெதிரா இறுக்கணும். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில பட்டப்புறம்தான். எவ்வளவுன்னு உங்க மேனுவல்ல இருக்கும், சின்ன கார்ல பெரும்பாலும் 85ல இருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ள. இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லன்னா இப்படி கணக்கு போடுங்க. 100 நியூட்டன் மீட்டர்னா, 25 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனியில 40 கிலோ எடை. 70 கிலோ ஆளு அதே நுனியில ஏறி நின்னா 170 தாண்டுது, குதிச்சா இன்னும் எங்கயோ போகும். ஸ்டட் நீளும், நடுரோட்டுல பஞ்சர் ஆகுற அன்னைக்கு நட்டும் வராது. ஏறி நிக்காதீங்க, பைப்பும் சொருகாதீங்க.

இப்ப காத்து. டிரைவர் கதவத் திறந்தா ஸ்டிக்கர் இருக்கும், நிறைய வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற அளவு. டயர் இடம் மாறினாலும் காத்து தானா மாறாது, டயர் சூடாகாதப்பவே ஏத்தி இறக்கி சரி பண்ணுங்க. டயர் பிரஷர் சென்சார் இருக்குற வண்டின்னா மேனுவல்ல சொன்னபடி ரீசெட் பண்ணணும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் லேசா இரைச்சல் கேக்கலாம், பழைய தேய்மானத்தோட திசை மாறினதால வர்றது, அடங்கிடும். வேகம் 80 தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்கினா பின்னாடி இருந்த சக்கரத்துல பேலன்ஸ் இல்ல, இத்தன நாளா அது உங்க கைக்குத் தெரியல. முந்தி இடது பக்கம் இழுத்த வண்டி இப்ப வலது பக்கம் இழுக்குதுன்னா கோளாறு டயர்ல. இன்னும் இடது பக்கமே இழுத்தா அலைன்மென்ட் பாருங்க.

50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒவ்வொரு நட்டையும் அதே அளவுக்கு மறுபடி ஒரு தடவ இறுக்கிப் பாத்துடுங்க.