ஒன்றரை ஷிப்ட் கணக்கு தெரிந்த பையனுக்கு 3/2 ஏன் வரவில்லை?

(காட்சி: திருப்பூர், சனிக்கிழமை இரவு. அம்மாவும் மகனும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சம்பளக் கவர்.)

வணக்கமுங்க. இந்தப் பையன் 10ஆம் வகுப்பு. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஷிப்டுக்கு 450 ரூபாய். இந்த வாரம் நாலு நாள் ஒன்றரை ஷிப்ட், இரண்டு நாள் ஒரு ஷிப்ட். "எவ்வளவு கண்ணு வரோணும்?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான்: "எட்டு ஷிப்ட்ம்மா. 3,600."

மறுநாள் என் டியூஷனில் அதே பையனிடம் 3/2-ஐ நாலால் பெருக்கச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டான். "எனக்குக் கணக்கு வராதுங்க."

(காட்சி: பலகையில் 3/2 × 4. பக்கத்தில் "ஒன்றரை ஷிப்ட், நாலு நாள்".)

இரண்டும் ஒரே கணக்குதான். 1985-இல் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். தெருவில் தேங்காய் போன்றவற்றை விற்ற ஐந்து பிள்ளைகள், 9 முதல் 15 வயது. வாங்குபவர் போல நின்று விலை கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. சின்ன ஆய்வுதான். ஆனால் பேனாவை மூடும் ஒவ்வொரு பிள்ளையைப் பார்க்கும்போதும் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

"படிக்கவே மனசில்லைங்க இவனுக்கு" என்று பெற்றோர் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, எந்த வகுப்பில் விட்டான் என்பதைத்தான். 10ஆம் வகுப்பு இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகளை, அதாவது x, y எழுத்துகள் வரும் பின்னங்களை, கூட்ட வேண்டும். அதற்குப் பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமமாக்கத் தெரிய வேண்டும். அதை 6ஆம் வகுப்புப் பின்னத்திலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. அந்த நேரத்தில் காய்ச்சலோ, வீடு மாறியதோ, ஏதோ ஒன்று. விட்டது விட்டதுதான், பாடம் அவனுக்காக நிற்கவில்லை. பதினைந்து வயதில் நாலு பேர் முன்னால் "தெரியல" என்று சொல்வது பெரிய அவமானம். "பிடிக்கல" என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. அதனால் அப்படிச் சொல்லிவிடுகிறான்.

சரி, என்ன செய்யலாம்? பழைய வகுப்புப் பாடப்புத்தகங்களை எடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 9, 8, 7 என்று பின்னால் போங்கள், அவன் தானாகப் போடும் கணக்கு வரும்வரை. அங்கிருந்து தினமும் மூன்று கணக்கு, அவன் சொல்லும் நேரத்தில். 6ஆம் வகுப்புப் புத்தகமாக இருந்தால் தயவுசெய்து அதற்கு ஓர் அட்டை போட்டுவிடுங்கள், தங்கச்சி பார்த்துச் சிரிக்கக் கூடாது.

(காட்சி: இரவு ஒன்பது மணி. அம்மா வேலை முடிந்து வருகிறார்.)

ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தெம்பு இருக்காது. தேவையும் இல்லை. "படிச்சியா?" என்பதற்குப் பதில், "எந்த எடத்துல நிக்குது கண்ணு?" என்று கேட்டால் போதும். முதல் கேள்விக்கு "ம்" என்றுதான் பதில் வரும். இரண்டாவதற்கு அவன் நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"நாமக்கல் ஹாஸ்டல்ல சேர்த்துடுவேன்" என்று மிரட்ட வேண்டாம். பிறகு படிப்பே தண்டனையாகத் தெரியும். காலை நாலு மணிக்கு எழுப்பவும் வேண்டாம். இந்த வயதில் தூக்கம் வரும் நேரம் உடம்பிலேயே தள்ளிப்போகிறது, எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். அப்புறம், சாப்பாடு, விளையாட்டு, நண்பர்கள் எதிலுமே பிள்ளைக்கு நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது படிப்புப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையனுக்கு 3/2-ஐ ஒன்றரை ஷிப்ட் என்று எழுதிக் காட்டித்தான் தொடங்கினேன். காலாண்டில் கணக்கில் 22 எடுத்தவன் அரையாண்டில் 41 எடுத்தான். பாஸ் மார்க் 35. பகுதியைச் சமமாக்கும் இடத்தில் இன்னும் நின்றுவிடுகிறான். ஆனால் இப்போது பேனாவை மூடுவதில்லை, நோட்டை என் பக்கம் திருப்புகிறான்: "இந்த எடத்துல என்னங்க பண்றது?"