பாத்திரம் பளபளக்கக் காரணம் மெஷினா, அடுக்குற கையா? – "அடுக்குற கையே!"

நடுவர் ஐயாவுக்கும், டிபன் வந்துடுச்சானு திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு இருக்குற நம்ம அபார்ட்மென்ட் மக்களுக்கும் வணக்கம். அவ்ளோதான், விஷயத்துக்கு வரேன்.

எதிரணி அண்ணன் என்ன சொல்லிட்டு உட்கார்ந்தாரு? "அந்தம்மா வீட்டுல பாத்திரத்தைக் கழுவிட்டுத்தான் டிஷ்வாஷர்லயே போடுவாங்க, மெஷினுக்கு ஈரம் காயவைக்குற வேலை மட்டும்தான்"னாரு. நீங்களும் கை தட்டுனீங்க, பார்த்தேன். அண்ணே, நாங்க கழுவுறதில்ல, வழிக்குறோம்! முருங்கைக்காய் சக்கை, கறிவேப்பிலை, இதையெல்லாம் வழிச்சுக் குப்பையில போடலேன்னா நேரா ஃபில்டர்ல போய் உட்காரும். சாம்பார் கறையை அப்படியே விட்டுடுவோம், ஏன்னா மெஷின்ல போடுற சோப்பு டேப்லெட்ல இருக்குற என்சைமுக்கு வேலையே மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்குறதுதான், நீங்க பளிச்சுனு கழுவிப் போட்டா அது உள்ள போய் என்ன பண்ணும், வேடிக்கையா பார்க்கும்? அண்ணனுக்கு எப்படித் தெரியும், அவருக்குக் கிச்சன் எந்தப் பக்கம்னே அண்ணிதான் கையைப் பிடிச்சுக் காட்டணும்!

போன தீபாவளிக்கு என் கொழுந்தனார் வந்திருந்தாரு. "அண்ணி, நீங்க உட்காருங்க, நான் அடுக்குறேன்"னாரு. என்ன ஒரு பெருந்தன்மை! தட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி. கிண்ணமெல்லாம் மழைத்தண்ணி பிடிக்குற மாதிரி நிமிர்த்தி. நீட்டு சாம்பார் கரண்டியைக் கீழ்க்கூடையில நட்டுக்க நிறுத்தினாரு, கதவைச் சாத்தினாரு, பட்டனை அமுக்கினாரு.

டொக்... டொக்... டொக்...

மாமனார் எழுந்து போய் வாசக்கதவைத் திறந்தாரு. யாரும் இல்ல. சாத்துனாரு. டொக், டொக். திறந்தாரு. யாரும் இல்ல! பக்கத்து ஃப்ளாட் பசங்க வேலைதான்னு கைத்தடியை எடுத்துக்கிட்டு கதவுக்குப் பின்னாடியே ஒளிஞ்சு நின்னுட்டாரு. மாமியார் விபூதியை எடுத்துட்டாங்க. அந்த நேரம் கீழ் வீட்டுக்காரர் போன் பண்றாரு, "சார், ராத்திரியில ஆணி அடிக்குறீங்களா?" மாமனார் குரலை இறக்கி, "உங்களுக்கும் கேக்குதா? பயப்படாதீங்க, என்கிட்ட தடி இருக்கு"ன்னாரு.

மறுநாள் மெக்கானிக் வந்தாரு. மேல்கூடைக்கு அடியில சுத்திச் சுத்தித் தண்ணி பீய்ச்சுமே, ஸ்ப்ரே ஆர்ம், அதை விரலால ஒரு சுத்து சுத்தினாரு. டொக். கரண்டியை உருவினாரு. சுத்தினாரு. சத்தமே இல்ல. விசிட்டிங் சார்ஜ் 500 ரூபாய்! அந்தக் கரண்டியே அவ்ளோ வராது ஐயா.

மெஷின் அதே மெஷின்தானே? தட்டோட முகம் தண்ணி வர்ற பக்கம் பார்க்கணும், கிண்ணத்தைக் கவுத்து சாய்க்கணும், டம்ளர் மேல, கடாய் கீழ, குக்கர் மூடியில வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழட்டணும், அலுமினியம் கறுத்துடும் இரும்புக்கடாய் துருப்பிடிச்சுடும் மரக்கரண்டி விரிஞ்சுடும் அதனால அதுங்க உள்ளயே போகக்கூடாது. இதை எந்த மெஷின் பார்க்கும்?

மெஷின் மெஷின்னாரே, அது யாரு செஞ்சது? அமெரிக்காவுல இல்லினாய், ஜோசஃபின் காக்ரன்னு ஒரு அம்மா. 1883ல புருஷன் தவறிட்டாரு, மிஞ்சினது கடன். வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில அவங்க தட்டு, கப், சாசர் எல்லாத்தையும் அளந்து, ஒவ்வொண்ணும் உட்கார கம்பித் தடுப்பு செஞ்சாங்க. 1886ல பேட்டன்ட். அடுக்க இடம் போட்டுட்டுத்தான் ஐயா தண்ணியையே பாய்ச்சுனாங்க!

அந்தம்மாவை நினைச்சா எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வருது. மார்கழிக் குளிர்ல கொல்லையில உட்கார்ந்து சாம்பலும் தேங்கா நாரும் வச்சுத் தேய்ப்பாங்க. எல்லாரும் சாப்பிட்ட அப்புறம் சோத்துக் குண்டான்லயே குழம்பை ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடுவாங்க. ஏன்மா, தட்டுல போட்டுக்கோயேன்னா, "ஒரு தட்டு மிச்சம்டி"ம்பாங்க. தனக்குன்னு ஒரு தட்டு எடுக்காத மனுஷி ஐயா. இன்னைக்கு எங்க வீட்டுல அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் கொண்டுபோய் அடுக்கணும், என் பையன் உட்பட. எங்கம்மா வந்தா எங்ககூட உட்கார்ந்து, தட்டுல, சுடச்சுட சாப்பிடுறாங்க.

அது மெஷின் வந்ததாலதானேனு அண்ணன் எழுந்திருக்காரு பாருங்க. உட்காருங்கண்ணே! அம்மாவைப் பத்திப் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. ஐயா, மணியில கை வச்சுட்டீங்க, நான் உட்கார்ந்துடறேன், தீர்ப்பை மட்டும் எங்க பக்கம் எழுதிடுங்க, வணக்கம்.