பால் சொசைட்டி பேரேட்டிலிருந்து பைத்தான்: ஊருக்குள்ளேயே ஒரு ஒர்க்‌ஷாப்

[திரையில்: கேரளாவின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை கடைவீதி. மலையாளத்திலும் தமிழிலும் பெயர்ப்பலகைகள்.]

வணக்கம். டேட்டா சயின்ஸ் புதுசா கத்துக்க வர்றவங்களுக்கு முதல் நாள் பெரும்பாலும் ரெண்டு அட்டவணையில ஒண்ணைத்தான் காட்டுவாங்க. ஒண்ணு டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியல். இன்னொண்ணு, ரொனால்டு ஃபிஷர் 1936-ல ஒரு கட்டுரையில பயன்படுத்தின ஐரிஸ் பூக்கள், மொத்தம் 150 பூவோட இதழ் அளவு. ரெண்டும் நல்ல அட்டவணைதான். ஆனா வேலந்தாவளத்துல காய்கறி ஏத்தி விடுறவருக்கோ, மீனாட்சிபுரத்துல மாடு வச்சிருக்கிற அக்காவுக்கோ அதுல ஒரு எண் தப்பா இருந்தா தெரியவே தெரியாது. ஐரிஸ் இதழ் எத்தனை சென்டிமீட்டர் இருக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால முதல் பாடத்துக்கு பால் சொசைட்டி பேரேட்டை எடுத்துக்குங்கன்னு சொல்றேன். நம்ம பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூகால பாலுக்குப் பஞ்சமில்ல, சொசைட்டிக்கும் பஞ்சமில்ல. உறுப்பினர் எண், தேதி, காலையா சாயங்காலமா, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எவ்வளவு. இத்தனை நெடுவரிசை போதும், ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் நடத்தலாம்.

[திரையில்: பேரேட்டின் ஒரு பக்கம். பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

ஒண்ணு மட்டும் முதல்லயே செஞ்சிடுங்க. சொசைட்டி சம்மதம் வாங்குங்க. பேர், போன் நம்பர், பேங்க் கணக்கு எல்லாத்தையும் எடுத்துட்டு உறுப்பினர் எண்ணுக்குப் பதிலா வேற எண் போடுங்க. எந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் வந்துச்சுன்னு வகுப்புல யாரும் பார்க்கக் கூடாது.

இப்ப, எப்படி நடத்துறதுன்னு பார்ப்போம். இதுல வழி காட்டினவங்க இருக்காங்க. 1998-ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சது சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி. 2014-ல டேட்டா கார்பென்ட்ரி வந்துச்சு. 2018-ல ரெண்டும் சேர்ந்து 'தி கார்பென்ட்ரீஸ்' ஆச்சு. அவங்க பாடங்கள் திறந்த உரிமத்துல இருக்கு. யார் எழுதினதுன்னு குறிப்பிட்டுட்டு நாம தமிழ்ல மாத்திக்கலாம், நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி திருத்திக்கலாம்.

அவங்ககிட்ட இருந்து நான் மனசாரப் பின்பற்றுறது ரெண்டு பழக்கம். முதலாவது, ஸ்லைடு போட்டுப் பேசாம, சொல்லிக்கொடுக்கிறவரே எல்லார் முன்னாடியும் ஒவ்வொரு எழுத்தா டைப் பண்றது. வேகமா போக முடியாது, அதுதான் வேணும். கையில தப்பு வரும், எரர் வரும். அதை எப்படிப் படிக்கிறாங்க, எங்க தேடுறாங்கன்னு எல்லாரும் பார்ப்பாங்க.

ரெண்டாவது, ஒட்டுச்சீட்டு. ஆளுக்கு ரெண்டு நிறத்துல கொடுங்க. முடிச்சவங்க பச்சையை லேப்டாப் மூடியில ஒட்டணும், மாட்டிக்கிட்டவங்க சிவப்பை ஒட்டணும். எழுந்து "எனக்குப் புரியல"ன்னு சொல்ல நம்ம ஊர்ல பாதிப்பேருக்குக் கூச்சம், அதுவும் மகன் வயசுப் பையன் சொல்லிக்கொடுக்கும்போது. சிவப்புச் சீட்டு இருந்தா வாயே திறக்க வேண்டாம், உதவியாளர் தானா பக்கத்துல வந்து உட்காருவார். ஆறேழு பேருக்கு ஒரு உதவியாளராவது வேணும். தமிழ், மலையாளம் ரெண்டும் பேசுற காலேஜ் பிள்ளைங்க இந்தப் பக்கம் நிறைய. கேரளா பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு லினக்ஸ்ங்கிற இலவச இயங்குதளம் ஓடுற கம்ப்யூட்டர் புதுசும் இல்ல.

[திரையில்: ஜூபிட்டர் நோட்புக், முதல் செல்.]

வாங்க, உள்ள போவோம். வாயனசாலை (ஊர் நூலகம்) மண்டபத்துல நெட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அதனால பைத்தான்ங்கிற நிரல் மொழியையும், அதை அடிச்சு ஓட்டிப் பார்க்கிற ஜூபிட்டரையும் பென்டிரைவ்ல கொண்டுபோங்க, நெட் இல்லாமலே ஓடும்.

எக்செல்ல இருந்து கோப்பைச் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' அப்படிங்கிறதைத் தேர்ந்தெடுங்க. சிஎஸ்விங்கிறது அட்டவணையை வெறும் எழுத்தா, கமா போட்டுப் பிரிச்சுச் சேமிக்கிற கோப்பு. வெறும் சிஎஸ்வி கொடுத்தா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடும். அதுவும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்ச கோப்புன்னா, திரையில தமிழாத் தெரிஞ்சாலும் உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்துதான். முதல்ல யூனிகோடுக்கு மாத்தணும்.

இப்ப கோப்பைப் படிச்சாச்சு. 'கொழுப்பு' நெடுவரிசையைக் கேட்கிறோம். சிவப்பா நீளமா ஒரு செய்தி வருது. ஒரு அக்கா கைதூக்குறாங்கன்னு வைங்க: "தம்பி, நான் சரியாத்தானே அடிச்சேன்?" சரியாத்தான் அடிச்சிருக்காங்க. எரரைக் கடைசி வரியில இருந்து படிக்கணும். 'கீ எரர்: கொழுப்பு'. அந்தப் பேர்ல நெடுவரிசையே இல்லங்குது. 'டிஎஃப் டாட் காலம்ஸ்' அடிச்சுப் பாருங்க, நெடுவரிசைப் பேரெல்லாம் வரும் ('டிஎஃப்'ங்கிறது நம்ம அட்டவணைக்கு வச்ச பேர்). கொழுப்புக்கும் மேற்கோள் குறிக்கும் நடுவுல ஒரு இடைவெளி. எக்செல்ல தலைப்பு அடிக்கும்போது ஸ்பேஸ் பார் ஒரு தட்டு கூடுதலா விழுந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கு அது வேற பேர். ஓரத்து இடைவெளியை வெட்டுற 'ஸ்ட்ரிப்' போட்டா சரியாயிடும். இதை அவசரப்பட்டுத் தாண்டாதீங்க. எரரைப் பார்த்துப் பயம் போறது இந்த இடத்துலதான்.

[திரையில்: 'டிஸ்கிரைப்' தரும் அட்டவணை. அதிகபட்சக் கொழுப்பு 42.]

அடுத்து 'டிஸ்கிரைப்'. சராசரி, குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாம் ஒரே அட்டவணையில வரும். கொழுப்போட அதிகபட்சம் 42-ன்னு காட்டுது. கம்ப்யூட்டருக்கு இதுல ஒரு சந்தேகமும் வராது. மாடு வச்சிருக்கிறவங்க உடனே சொல்லிடுவாங்க: 42 சதவீதம்னா அது பாலே இல்ல, கிரீம். 4.2-ல புள்ளி விட்டுப்போச்சு. நிரல் இன்னைக்குத்தான் பார்க்கிறாங்க, ஆனா இந்தத் தப்பைப் பிடிக்கிற அறிவு அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. ஐரிஸ் பூவுல இது நடக்கவே நடக்காது.

அப்புறம் பூஜ்யம். ஒருத்தர் அஞ்சு நாள்ல 6, 6, 0, 6, 6 லிட்டர். மூணாம் நாள் மாடு கறக்கலையா, இல்ல பாலை வீட்டுக்கு வச்சுக்கிட்டு சொசைட்டிக்கு ஊத்தலையா? பூஜ்யத்தைச் சேர்த்தா சராசரி 4.8. அதே கட்டத்தைக் காலியா விட்டா, பைத்தான்ல அட்டவணையைக் கையாளுற பாண்டாஸ் தொகுப்பு அதைத் தாண்டிட்டு 6-ன்னு சொல்லும். எது சரிங்கிறது கேள்வியைப் பொறுத்தது. சொசைட்டி கேனுக்கு எத்தனை லிட்டர் வருதுன்னா 4.8. மாடு எவ்வளவு கறக்குதுன்னா, அந்த மூணாம் நாள் என்ன நடந்துச்சுன்னு அவரைத்தான் கேட்கணும். இதை வகுப்புல விவாதம் பண்ண விடுங்க, நேரம் போனாலும் பரவாயில்ல.

இன்னொரு கணக்கு. ஒரு வீட்டுப் பால் 4 லிட்டர், கொழுப்பு 4.2. இன்னொரு வீட்டுப் பால் 8 லிட்டர், கொழுப்பு 3.6. ரெண்டையும் ஒரே கேன்ல ஊத்தினா கொழுப்பு எவ்வளவு? சும்மா கூட்டி ரெண்டால வகுத்தா 3.9. ஆனா கேன்ல இருக்கிறது 3.8. அதிகமா ஊத்தினவர் பாலுக்குக் கனம் அதிகம். லிட்டரைக் கொழுப்பால பெருக்கிக் கூட்டி, மொத்த லிட்டரால வகுக்கணும். பைத்தான்ல அது ஒரே வரி. புள்ளியியல் புத்தகத்துல 'நிறையிட்ட சராசரி'ன்னு ஒரு அத்தியாயமே இருக்கும்.

தேதியைப் பத்தியும் சுருக்கமா. 3/7-ன்னு அடிச்சா ஜூலை 3-ஆ, மார்ச் 7-ஆன்னு எக்செல் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணும். 'மார்ச்1' மாதிரி மனித மரபணுப் பேர்களை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020-ல அந்தப் பேர்களையே மாத்திட்டதா மரபணுப் பெயரிடும் குழு அறிவிச்சுது. வருஷம், மாசம், நாள்னு மூணு நெடுவரிசையா அடிச்சிடுங்க.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி அதே ஒட்டுச்சீட்டை வாங்குங்க. பச்சையில புரிஞ்சது ஒண்ணு, சிவப்புல புரியாதது ஒண்ணு, பேர் எழுத வேண்டாம். எந்த மொழியில எழுதினாலும் சரி. சாப்பிட்டுக்கிட்டே படிங்க, சிவப்புல அதிகம் வந்ததை வச்சே மதிய வகுப்பை ஆரம்பிங்க.

அடுத்த வீடியோல இதே கோப்போட மழை அளவு அட்டவணையைச் சேர்ப்போம். மழை குறைஞ்ச மாசம் பாலும் குறையுதான்னு 'மெர்ஜ்' போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கான மாதிரிக் கோப்பு கீழே இருக்கு. அதுல மூணு தப்பு வச்சிருக்கேன், கண்டுபிடிச்சுக் கமென்ட்ல எழுதுங்க.