குடிக்காதவருக்கு ஃபேட்டி லிவர் வருமா?

"ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், கிரேடு 2 என்று வந்திருக்கிறது. நல்ல பாக்டீரியா மாத்திரை சாப்பிடலாமா டாக்டர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபேட்டி லிவர் என்றால் கல்லீரலில் கொழுப்பு சேர்வது; கிரேடு 2 என்பது அதில் நடுத்தர நிலை. இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீங்கள் குடிக்கவில்லை, சரி. உங்கள் குடலுக்குள் யாரும் சாராயம் காய்ச்சவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். 2019இல் சீன மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு சாப்பிட்டாலே அவருடைய ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும். கல்லீரலிலும் கடுமையான கொழுப்பு அழற்சி. குடலில் இருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு வகைதான் காய்ச்சியது. அதை எலிகளுக்குக் கொடுத்தார்கள்; அவற்றின் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தது. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. "டாக்டர் என்னைக் குடிகாரன் என்கிறார்" என்று நாளைக்கு எழுதிவிடாதீர்கள்.

என் பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு இது சலித்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடலில் எது கசிந்தாலும் முதலில் போய் நிற்கும் வீடு கல்லீரல்தான்.

மாத்திரை இருக்கட்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு என்ன போடுகிறீர்கள்? அதைக் கேட்டிருக்கலாம். போன மாதம் ஒருவர் வந்தார், இதே கிரேடு 2. கையிலிருந்த டிபன் கேரியரைத் திறக்கச் சொன்னேன். இரண்டு அடுக்கு சோறு, ஓர் அடுக்கு சாம்பார், மேல் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு கரண்டி பீன்ஸ் பொரியல். கூடவே பாட்டிலில் சர்க்கரை போட்ட மாம்பழச் சாறு. "பழம்தானே டாக்டர்?" என்றார். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைச் சமாளிக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. மிஞ்சியதைக் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. குடல் பாக்டீரியாவுக்குக் கிடைத்தது அந்தப் பொரியல் ஒன்றுதான். கீரை, பயறு, கொண்டைக்கடலையின் நாரைப் புளிக்கவைத்துத்தான் அவை குடல் சுவருக்குத் தீனியான பியூட்டிரேட்டைத் தயாரிக்கின்றன.

பழைய சோறு நல்லதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கொஞ்சம் கூடுகிறது, நாரைப் போல அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனி, உண்மை. ஆனால் 2023இல் வெளியான சீன ஆய்வில் ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு அந்த மாவைத் தினம் 40 கிராம், நான்கு மாதம் கொடுத்த பிறகே கல்லீரல் கொழுப்பு குறைந்தது. அவ்வளவு ஒரு சட்டி பழைய சோற்றில் கிடைக்காது.

கேரியர்காரரிடம் ஒன்றுதான் சொன்னேன்: சாறு வேண்டாம், பெரிய அடுக்குகளில் பொரியலும் சுண்டலும், மேல் கிண்ணத்தில் சோறு. மறுநாள் அவர் மனைவி போன் செய்தார்: "அப்படியானால் சாம்பாரை எதில் ஊற்றுவது டாக்டர்?"