நிற்க ஒரு நிழல்: திருகோணமலை நகர நடுவில் எழும் பெரிய கட்டடங்கள் பற்றி

(போன ஞாயிறு மாலை நகரில் ஒரு சிறு கூட்டத்தில் பேசியது. வந்திருந்த சிலர் எழுத்தில் கேட்டதால் இங்கே தருகிறேன். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தைச் சுட்டெரிக்கிற இந்த மாதத்தில், கட்டடம் பற்றிய பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

போன வருடம் ஆடி மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நகருக்குள் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாடிக் கட்டடம், முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, சுற்றிவர ஆளுயர மதில், ஒரு பெரிய கேற். நாங்கள் போனபோது முப்பது பேருக்கு மேல் வெளியே வீதியில் நின்றார்கள். உள்ளே இடம் இல்லை, கூப்பிடக் கூப்பிடத்தான் போகலாம் என்றார் காவலாளி. எல்லோரும் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள், ஏனென்றால் அந்த வீதியில் நிழல் என்று இருந்தது மதிலின் நிழல் மட்டும்தான். ஒன்பது மணிக்கு அந்த நிழலில் ஆள் தாராளமாக நிற்கலாம். பதினொன்றரைக்கு அது ஒரு முழமாகிவிட்டது. நிழல் ஒடுங்க ஒடுங்க வரிசையும் ஒடுங்கி, கடைசியில் மதிலில் முதுகை ஒட்டி, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருவர் பைலைத் தலையில் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவரை எதிர்ப்பக்கக் கடைத் தாழ்வாரத்தில் இருத்திவிட்டு வந்தேன், கடைக்காரர் தானாகவே கதிரை எடுத்துப் போட்டார். அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு மான்களும் படுத்திருந்தன. எங்கள் ஊர் மான்களுக்கு நிழல் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு மனதில் விழுந்த கேள்விதான் இன்றைய பேச்சு. மக்களின் பணத்தில் கட்டிய கட்டடம் ஒன்று, அந்த மக்கள் நிற்க ஆறடி நிழலைத் தராமல் எப்படி எழும்பியது? பிளான் வரைந்து, அங்கீகாரம் எடுத்து, கொந்தராத்துக் கொடுத்து, திறப்பு விழாவும் நடந்திருக்கிறது. இத்தனை கட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

வலயம் என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது வணிக வலயம், இது குடியிருப்பு, இது நிர்வாகம் என்று நிறம் தீட்டிய வரைபடம் வரும். எந்த இடத்தில் என்ன கட்டலாம், எத்தனை மாடி, காணியில் எவ்வளவு பங்கை மூடலாம் என்பதை அது சொல்லும். அது தேவைதான். ஆனால் கட்டடம் தெருவோடு எப்படிச் சேர வேண்டும், வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க எங்கே இடம் என்பதெல்லாம் வடிவமைப்பு விதிகளின் வேலை. நாங்கள் முதலாவதைப் பற்றித்தான் எப்போதும் சண்டை பிடிக்கிறோம். நாளாந்தம் எங்களைத் தொடுவது இரண்டாவது.

உலகத்தில் இந்த விதிகள் எல்லாம் யாரோ பட்ட அவதியிலிருந்துதான் வந்தன. நியூயோர்க்கில் 1915 இல் ஈக்குவிடபிள் கட்டடம் 38 மாடியாகத் தெரு விளிம்பிலிருந்து செங்குத்தாக எழும்பி, பக்கத்துக் கட்டடங்களின் வெளிச்சத்தை மறைத்தது. அடுத்த வருடமே, 1916 இல், உயரம் போகப் போகக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று அந்த நகரம் விதி போட்டது. வாஷிங்டனில் 1910 சட்டப்படி கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலம் தீர்மானிக்கிறது. அகலத்தோடு 20 அடி கூட்டுங்கள், அவ்வளவுதான் உயரம், பெரும்பாலான தெருக்களில் அதுவும் 130 அடியைத் தாண்டக்கூடாது. இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில் மதிலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் 9 மீற்றருக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997 இல் அரசாணை வந்தது. கோபுரத்துக்கு மேலே வீடு எழும்பக்கூடாது என்று எங்கள் பாட்டன்மார் சொன்னதைத்தான் அரசாணை மீற்றரில் எழுதியிருக்கிறது.

சரி, எங்கள் ஊருக்கு என்ன விதி வேண்டும்? எங்கள் ஊரின் நிலத்தைப் பார்த்துத்தான் அதை எழுத வேண்டும், கொழும்பைப் பார்த்து எழுத முடியாது. நகர நடு இருப்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சுக் குடா, வடக்கே பின்குடா. காற்று ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்குத் தெருக்கள் வழியாகத்தான் போகிறது. மாலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொஞ்சம் நின்று பாருங்கள், எந்தத் தெருவால் காற்று வருகிறது என்று கன்னத்திலேயே தெரியும். கரைக்குச் சமாந்தரமாக நூறு அடி நீளத்துக்கு ஒரு பெரிய சுவர்போலக் கட்டடம் போட்டால், அதற்குப் பின்னால் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் காற்றை மூடிவிடுகிறோம். அதே கட்டடத்தின் ஒடுங்கிய பக்கத்தைக் கடலுக்குத் திருப்பினால், அல்லது இரண்டாகப் பிரித்து நடுவில் முற்றம் விட்டால், காற்று போகும். செலவு கொஞ்சம் கூடும்தான், ஆனால் அதில் பெரும்பகுதி பிளான் வரைகிறவர் முதல் நாளிலேயே யோசித்தால் வராது.

பெரிய கட்டடம் என்றால் ஒற்றைப் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கோட்டேயில் கட்டிய நாடாளுமன்றம் 1982 இல் திறக்கப்பட்டது. நாட்டிலேயே மிகப் பெரிய அரச வேலைகளில் ஒன்று அது. அதை அவர் நடுவில் ஒரு பெரிய மண்டபமும் சுற்றிவரச் சிறிய மண்டபங்களுமாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் அகலமான தாழ்ந்த செப்புக் கூரை போட்டு, தண்ணீருக்கு நடுவில் வைத்தார். அந்தக் கூரைகளின் கீழே நிழல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தையும் பாருங்கள். 1959 இல் திறந்து, 1981 இல் எரித்து, மீண்டும் கட்டி 2003 இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்கி, முன்னால் தோட்டமும் சரஸ்வதி சிலையும் விட்டு நிற்கிறது. புத்தகம் எடுக்க வராதவரும் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். இப்போது அதற்குக் கிட்டவே இந்திய அரசின் உதவியில் பதினொரு மாடிக் கலாசார மையமும் வந்திருக்கிறது. அரங்கும் நூதனசாலையும் கட்டாயம் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனாலும் நூலகத்தின் குவிமாடத்துக்குப் பின்னால் அந்தக் கோபுரம் தெரிகிறபோது என் கண்ணுக்கு ஏதோ இடிக்கிறது.

கண்ணாடிக்கு வருகிறேன். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கிற ஊரில் மேற்குப் பக்கம் திறக்க முடியாத கண்ணாடி வைத்தால், பின்நேரம் மூன்று மணிக்கு உள்ளே அடுப்புத்தான். ஏசி ஓடும் வரைக்கும் சமாளிக்கலாம். 2022 பங்குனியில் நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போனதே, அப்போது ஜன்னல் திறக்க முடியாத அலுவலகங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்கழியில் வாடையோடு மழை சாய்ந்து அடிக்கிறபோது, முன்கூரை இல்லாத கட்டடத்தின் வாசலுக்குள் தண்ணீர் வந்துவிடும். பழைய ஓட்டுக் கூரைக் கந்தோர்கள் இந்த இரண்டையும் ஒரே வேலையால் தீர்த்தன. அகலமான விறாந்தை. நகரில் இன்னும் நிற்கிற அப்படியான ஒன்றின் விறாந்தையை நான் அளவு நாடாவால் அளந்தேன். ஏழரை அடி. அரைச்சுவர் பதினெட்டு அங்குலம், அதில் ஒருவர் உட்காரலாம், மற்றவர் பையை வைக்கலாம். அதன் மேல்விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. எத்தனை தலைமுறை அங்கே உட்கார்ந்து தன் பெயரைக் கூப்பிடும் வரை காத்திருந்திருக்கும்!

அப்புறம் சக்கர நாற்காலி. அரச கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வரக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது வாசல் தரையிலிருந்து இரண்டரை அடி உயரமென்றால், சாய்தளம் முப்பது அடி நீளம் வேண்டும். இதைப் பிளான் போடும்போதே நினைக்காவிட்டால் கடைசியில் அந்த முப்பது அடிக்கு இடம் இருக்காது. பிறகு எட்டு அடியில் ஒரு சரிவைக் கட்டிக் கைப்பிடி போட்டுவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, தள்ளுகிறவர்தான் பின்னால் விழுவார். ஆகவே சாய்தளம் பின்னால் சேர்க்கிற பொருள் அல்ல, வாசலின் இடத்தையும் உயரத்தையும் அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

2004 மார்கழி 26 ஐ மறந்துவிட்டு இந்த ஊரில் யாரும் கட்டடம் பற்றிப் பேச முடியாது. கடல் வந்தால் எங்கே ஏறுவது என்று அன்றைக்கு எங்களில் பலருக்குத் தெரியவில்லை. கரைக்குக் கிட்ட உறுதியான பல மாடி அரச கட்டடம் ஒன்று எழும்பினால், அதன் படிக்கட்டில் ஒன்று வெளிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் பூட்டில்லாமல். கீழ்த்தளம் தண்ணீர் ஊடுருவிப் போகும்படி தூண்களில் நிற்க வேண்டும். அந்தத் தூண்களுக்கு நடுவேயே மற்ற நாட்களில் சனம் நிழலில் நிற்கலாம். ஒரே இடம் இரண்டு வேலைக்கும் உதவும்.

இதையெல்லாம் அரசுக்கு யார் சொல்வது என்று நீங்கள் நினைக்கலாம். சட்டம் ஏற்கனவே சொல்லியிருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கம். 1982 இல் அதைத் திருத்தியபோது, அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் அரச நிறுவனமானாலும் வேறு யாரானாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்யக்கூடாது என்று எழுதினார்கள். அரச நிறுவனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு மதில் தெருக்கோட்டைத் தாண்டினால் இடிக்கச் சொல்கிற அதே விதியின் கீழ்த்தான் பெரிய கட்டடங்களும் வருகின்றன. அந்த அனுமதிப்பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதுவது என்பதுதான் மிச்சம். முன்பக்கத்தில் ஏழடிக்குக் குறையாத விறாந்தை, தெருப்பக்கம் மதில் இல்லை, வாகனத்துக்கு முன்வாசல் இல்லை, பக்கவாட்டு வாசல் மட்டும் என்று எழுதட்டும்.

கூட்டம் முடியும்போது ஒரு தம்பி எழும்பிக் கேட்டார்: "ஐயா, விறாந்தைக்கு விடுகிற இடத்தில் நான்கு அறை போடலாமே, அந்த அறைகளுக்கு எங்கே போவது?" நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன், அந்தக் கந்தோரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் வெளியே காத்திருக்கிறார்கள் என்று. அவர் அங்கேயே பயிற்சிக்குப் போய்வந்தவராம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காத்திருக்கிறவர்கள்தான் கூட" என்றார். அப்படியென்றால் அந்தக் கட்டடத்தில் கூடப் பேர் பாவிக்கிற அறை விறாந்தைதான், அதையே முதலில் வரையுங்கள் என்றேன்.